முதலில் யார் இடிப்பது?

செப்டம்பர் 3, செவ்வாய்

ஓய்வு பெற்று ஒன்பது வருடமாக எந்தக் குழுவிலும் சேராமல் தப்பித்துவந்தேன். இன்றைக்கு மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் சேர்ந்து 'பசுமை நல்லிணக்கக் குழு' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். போன வருடம் ஊர் வெள்ளத்தில் மிதந்தது. இந்த வருடம் சித்திரை வெயிலில் பேருந்து நிலையத்திலேயே இரண்டு பேர் சுருண்டு விழுந்து செத்தார்கள். எல்லாம் பருவநிலை மாற்றம், சாமி கும்பிடுகிறவர்கள் கைகோத்தால்தான் பூமி பிழைக்கும் என்று பேசினார்கள். பேச்சில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமென்று என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். "முப்பத்துநாலு வருசம் சர்வேயரா இருந்த மனுசன், யார்ட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்ல" என்று தர்மகர்த்தா ஆவுடையப்பன் எல்லார் முன்னாலும் சொன்னார். அது உண்மைதான்.

ஆவுடையப்பன் அரிசி ஆலை வைத்திருக்கிறவர். ஜமாத் தலைவர் மசூது ஹாஜியாருக்கு இரும்புக் கடை. ஆசீர்வாதம் குருவானவர் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இவர்களோடு ஓடைத் தெருவிலிருந்து முத்துப்பேச்சி என்று ஒரு பெண். பீடி சுற்றுகிறவள். வெள்ளத்தில் ரொம்ப அடிபட்ட தெரு என்பதால் 'மக்கள் பிரதிநிதி'யாம்.

"மரம் வைக்கது நல்லதுதான். ஆனா குளம் பெருகுனா தண்ணி ஆத்துக்குப் போவ ஓடை வேணும்லா? ஓடை எங்க?" என்று அவள் கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழைய புலப்படத்தை, அதாவது நில அளவு வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும், ஆபீசில் இருக்கிறதோ என்னவோ என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

துணிப்பையில் மூன்று மதச் சின்னங்களையும் அச்சடிக்க வேண்டும். நடுவில் எதைப் போடுவது என்று ஒன்றரை மணி நேரம். யாரும் தன் சின்னத்தை நடுவில் போடச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "ஒங்களதப் போடுங்க", "இல்லல்ல, ஒங்களதப் போடுங்க" என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வட்டமாகப் போடுவதென்று முடிவானது.

பிறகு இருநூறு மரக்கன்று நட்டோம். எங்கே நட்டோம் என்றால் ஓடைக்கரையில். ஓடை என்று பெயர்தான், மூன்று மீட்டர் அகலச் சாக்கடை. கோயிலின் கல்யாண மண்டபம், பள்ளிவாசலின் மதரசா, தேவாலயத்தின் சமூகக்கூடம் மூன்றின் பின்சுவரும் வரிசையாக அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. முத்துப்பேச்சி கன்றை நட்டுவிட்டுச் சுவர்களைப் பார்த்தபடி நின்றாள். "இது எப்பவுமே இம்புட்டுத்தான் இருந்துச்சாய்யா?" என்றாள். எந்தக் காலத்திலோ யாரோ அளந்தது, எனக்கென்ன தெரியும் என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

முதுகு வலி. என் மனைவி பகவதி தைலம் தேய்த்துவிட்டு, "கன்னு நட்டதுக்கா இவ்ளோ வலி?" என்றாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று மும்மத மழைப் பிரார்த்தனை நடத்தினார்கள். குளத்துக்குள்ளேயே பந்தல். பள்ளிவாசல்காரர்கள் வெயிலில் வரிசையாக நின்று மழைத்தொழுகை தொழுதார்கள். இமாம் தோளில் கிடந்த துண்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு இறைவனிடம் துஆ கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. தேவாலயத்தார் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உபவாச ஜெபம். அதுவரைக்கும் சரி. எங்கள் ஆட்கள் செய்ததுதான் தாங்கவில்லை. அர்ச்சகர்கள் அண்டாவுக்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து வருண ஜபம் செய்ய வேண்டும், குளத்தில் தண்ணீர் இல்லை, அதனால் இரண்டு லாரித் தண்ணீர் கொண்டுவந்து ஆறு அண்டாவை நிரப்பினார்கள். ஓடைத் தெருப் பெண்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜபம் முடிந்ததும் அந்தத் தண்ணீருக்குத் தள்ளுமுள்ளு.

இத்தனை பேர் சேர்ந்து மழையைக் கூப்பிடுகிறோம். வந்தால் அது எந்த வழியாகப் போகும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்.

செப்டம்பர் 25, புதன்

மழை. ஆவுடையப்பன் போன் செய்தார்: "பாத்தீயளா அண்ணாச்சி, வருண ஜபம்னா சும்மாவா." பஜாரில் ஹாஜியார், தொழுகை முடிந்து மூன்றாம் நாள் என்று விரல் மடக்கிக் காட்டினார். குருவானவர் ஞாயிறன்று ஸ்தோத்திர ஆராதனை வைத்திருக்கிறாராம். ஆளுக்கொரு மழை.

அக்டோபர் 2, புதன்

மூன்று மணி நேரம் வெளுத்து வாங்கியது. அவ்வளவுதான். ஓடைத் தெருவில் முழங்கால் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவே இல்லை.

குழுவின் அவசரக் கூட்டம். போன வாரம் மழைக்குப் பெயர் வாங்கப் போட்டி போட்ட மூன்று பேரும் இன்று ஒரே குரலில் பேசினார்கள்: "பருவநிலை மாற்றம்." மழை பிரார்த்தனையால் வரும், வெள்ளம் பருவநிலையால் வரும். நல்ல ஏற்பாடு. முத்துப்பேச்சி புடவைக் கரையிலிருந்து சகதி சொட்டச் சொட்ட வந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம், "எங்க தெருவ அளந்து தாங்கய்யா. எங்கன தண்ணி முட்டுதுன்னு எழுத்துல இருந்தா நாலு பேருட்ட காட்டலாம்லா" என்றாள்.

அக்டோபர் 5, சனி

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடைத் தெருவுக்குப் போனேன். முத்துப்பேச்சி வீடு தெருவின் தலைமாட்டில், ஓடை வளைகிற இடத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவள் புருஷன் செல்லத்துரை கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் கட்டிலில் கிடக்கிறான். சுவரில் கட்டிலுக்கு மேலே இரண்டடி உயரத்தில் போன வருட வெள்ளத்தின் கறை.

"தண்ணி ஏற ஏற, கட்டில் மேல பெஞ்சப் போட்டா, பெஞ்சு மேல என்னயப் போட்டா. பெறவு தண்ணி கழுத்துக்கு வந்துட்டு" என்றான் செல்லத்துரை. "என் தலைய இவ ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னா. காலைல எட்டு மணிலருந்து பன்னெண்டு மணி வரைக்கும். நடுவுல, என்னய விட்டுட்டு நீ போடீன்னு சொன்னேன். வாய மூடுன்னா."

முத்துப்பேச்சி பீடி இலை வெட்டிக்கொண்டே, "வாயத் தொறந்தா தண்ணி போவும்லா, அதுக்குச் சொன்னேன்" என்றாள்.

டேப்பைப் பிடித்தேன். பழைய அளவுப்படி எதிர்க்கரைக் கல்லிலிருந்து பன்னிரண்டு மீட்டர் இழுத்தால் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பழைய பெட்டியை இறக்கி வைத்தேன், திறக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

பழைய புலப்படம் ஆபீசில் தேட வேண்டியதில்லை. அதன் நகல் என் பெட்டியில்தான் இருக்கிறது. இந்த நோட்டில் ஒரு மாதமாகப் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன், யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டு. பக்கத்து ஊரில் கலவரம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இங்கே மூன்று தரப்பும் மண்டபம், மதரசா, கூடம் கட்ட வேண்டும் என்றார்கள். மூன்று மனையும் பின்னால் ஓடையில் போய் முட்டும், இடம் பத்தாது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்ற இருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். அப்போதைய தர்மகர்த்தா, ஜமாத் தலைவர், குருவானவர் மூவரும் ஒரே காரில் சேர்ந்து என்னைப் பார்க்க வந்தார்கள். கோயிலுக்கு எவ்வளவோ அவ்வளவு பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் என்று அவர்களே பேசி முடித்திருந்தார்கள். தாசில்தார், சுமுகமாக முடியுங்கள் என்றார். பன்னிரண்டு மீட்டர் ஓடையை மூன்று மீட்டர் என்று வரைந்து கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மூவரும் என் கண் முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு கல்கூட விழவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாக இருபத்தாறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகவதியிடம் சொன்னேன். ஒரு பைசா வாங்கவில்லை என்றும் சொன்னேன். "வாங்கியிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்" என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஓடையை விழுங்கியது மூன்று கட்டடமும், விழுங்கக் கொடுத்தது நான் என்று. திட்டுவார்கள், அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

"பழச எதுக்குக் கிளறுதீய அண்ணாச்சி? அன்னைக்கு நீங்க செஞ்சது ஒத்துமைக்காவச் செஞ்சது" என்றார் ஆவுடையப்பன். மன்னிப்பு என்று குருவானவர் ஆரம்பித்தார். ஹாஜியார் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னை மன்னிக்க இவர்கள் யார்? நாலு மணி நேரம் வெள்ளத்தில் நின்றவள் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடையைத் திறக்காவிட்டால் புலப்படத்தையும் என் வாக்குமூலத்தையும் கோட்டாட்சியரிடம் கொடுத்துவிடுவேன் என்றேன். அதன் பிறகுதான் கொள்கை அளவில் சம்மதித்தார்கள்.

முத்துப்பேச்சி போகும்போது என்னைக் கடந்துதான் போனாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

முதலில் யார் இடிப்பது? இதற்கு இன்று மூன்றரை மணி நேரம்.

பள்ளிவாசல் இடித்தால் கோயில் இடிக்கும். தேவாலயம் தொடங்கினால் பள்ளிவாசல் பின்னாலேயே வரும். கோயில் பெரியது, அது வழிகாட்டினால் தேவாலயம் நிற்காது. "நாங்க மொதல்ல ஒடச்சா எங்க ஆளுக என்னச் சும்மா விடுவாவளா? வித்துட்டேம்பாவ" என்றார் ஹாஜியார். அது பொய்யில்லை, மூவருக்கும் அதே பயம்தான். சரி, ஒரே நாளில் மூன்றையும் இடியுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்மா. ஞாயிறு ஆராதனை. செவ்வாய், சனி ஆகாது. திங்கள் ஆவுடையப்பனுக்கு ஆலை. புதன் அஷ்டமி. வியாழன் நல்ல நாளாம், ஆனால் நல்ல நாளில் இடிக்கலாமா என்று ஜோசியரைக் கேட்க வேண்டுமாம். மழைக்கு இந்தப் பஞ்சாங்கமெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். கோபப்படாதீர்கள், பிரஷர் ஏறும் என்றார்கள்.

அக்டோபர் 28, திங்கள்

கட்டடங்களில் எவ்வளவு போகும் என்று வரைபடம் போட்டு முடித்தேன். மண்டபத்தில் ஒன்பது மீட்டர், மதரசாவில் எட்டரை, சமூகக்கூடத்தில் ஒன்பது. ஓடை வளைகிற இடத்தில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் உள்வாங்கி வரைந்தேன். முத்துப்பேச்சி வந்தாள், படத்தைக் காட்டினேன். பத்தாவது வரை படித்தவள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இங்கன ஏன் வளையுது?"

ஓடை அங்கே வளைவுதான் என்றேன்.

"அன்னைக்கு டேப்பு எங்க வீட்டத் தாண்டி வாசல் வரைக்கும் வந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்க வீடு முழுசா ஓடைக்குள்ளதான இருக்கு?"

ஓடை சுருங்கிப்போன பிறகு, தரை சும்மாதானே கிடக்கிறது என்று கட்டிக்கொண்ட வீடு. சுருக்கியது நான். அதைச் சொல்லி, உன் வீட்டை விட்டுவிட்டுக் கோடு போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சத்தம்கூடப் போட்டேன்.

"நீங்க பாவம் பாத்து ஒரு எடத்துல வளைச்சா ஆவுடையப்பன் அண்ணாச்சி அதக் காட்டியே மத்த மூணையும் வளைப்பாவ. தெருவுல நூத்திப்பத்து வீடு இருக்கு. நேராப் போடுங்க" என்றாள். பிறகு, "அன்னைக்கும் பாவம் பாத்துத்தான போட்டீய" என்றாள். அவள் எதிரிலேயே அழித்துவிட்டு நேராகப் போட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கூட்டம் இல்லை. அதிரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

இவ்வளவு கேவலத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

படத்தை மேசையில் விரித்தேன். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது. "முத்துப்பேச்சி வீடு முழுக்க ஓடைக்குள்ளதான் இருக்கு போலுக்கே" என்றார். "தண்ணி வார தலமாட்டுல இருக்கு. மேலருந்து ஆரம்பிக்கதுதான முறை?" ஹாஜியார் மேசையைப் பார்த்தபடி, அதுவும் நியாயம்தான் என்றார். எளியவர்களிடமிருந்து தொடக்கம் வருவது வேதத்துக்கு ஒத்தது என்றார் குருவானவர். ஒரு துணிப்பைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் ஏகமனதாக முடித்துவிட்டார்கள். முதல் இடிப்பு, முத்துப்பேச்சி வீடு. தீர்மானம் எழுதுங்கள் என்றார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"எழுதுங்கய்யா" என்றாள் முத்துப்பேச்சி. "செவ்வாக்கிழமைன்னு எழுதுங்க. ஆளு அனுப்ப வேண்டாம்."

நவம்பர் 5, செவ்வாய்

மூன்று மணிக்குப் போனேன். செல்லத்துரையைக் கட்டிலோடு பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். கூரைத் தகடுகளைக் காலையிலேயே கழற்றிவிட்டார்கள். முத்துப்பேச்சி கடப்பாரையை எடுத்து அந்தக் கறை படிந்த சுவரில்தான் முதல் அடி அடித்தாள். தெருப் பெண்கள் பத்துப் பேர் கூடச் சேர்ந்தார்கள். கொத்தனார் கட்டின வீடு, லேசில் விழவில்லை. செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டு, எந்த மூலையில் அடித்தால் பெயரும் என்று கட்டிலில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

குழுத் தலைவர்கள் மூவரும் ஒரு போட்டோக்காரரோடு வந்து ஓடைக்குள் நின்றார்கள். கடைசிச் சுவரும் விழுந்ததும் முத்துப்பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கடப்பாரையை மூவருக்கும் நடுவில் போட்டாள்.

"எங்க வீடு போயாச்சு. ரெண்டாவது யாரு?"

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "அத உள்ள வைப்பா" என்றார் ஹாஜியார். ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப ராகு காலம்லா" என்றார்.

"எனக்கும் அதே ராகு காலந்தான் அண்ணாச்சி" என்றாள்.

ஹாஜியார் குனிந்து கடப்பாரையை எடுத்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர். நேரே மதரசாவின் பின்சுவருக்குப் போய் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் ஒரு செங்கல் பெயர்ந்தது. சத்தம் கேட்டு வந்த இமாம் அவர் கையிலிருந்து வாங்கி அடித்தார். குருவானவர் வெள்ளை அங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பனியனோடு சமூகக்கூடத்துச் சுவருக்குப் போனார். ஆவுடையப்பன் இருபக்கமும் பார்த்தார். பிறகு ஆலைக்குப் போன் போட்டு, "எட்டு பேரு வாங்க, கடப்பாரையோட வாங்க. நம்ம மண்டபம் கடைசியா நிக்கக் கூடாது" என்றார். இருட்டுவதற்குள் மூன்று சுவரிலும் வெளிச்சம் தெரிந்தது. மிச்சத்துக்கு நாளை ஜேசிபி வருகிறது. கோடு நான் போட வேண்டும்.

நவம்பர் 19, செவ்வாய்

மூன்று நாளாக அடைமழை. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. தண்ணீர் பன்னிரண்டு மீட்டரும் நிறைய ஓடையில் ஓடி ஆற்றில் விழுந்தது. ஓடைத் தெருவில் கணுக்கால் அளவுக்கு மேல் ஏறவில்லை. கரையில் நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

நவம்பர் 26, செவ்வாய்

நல்லிணக்கத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் மாவட்ட விருது கொடுக்கிறார்களாம். விண்ணப்பத்தோடு அறிக்கை வேண்டுமாம். மூவரும் மனம் குளிர்ந்து போயிருக்கிறார்கள். அவர்கள் இடித்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சொந்தச் சுவரில் கை வைத்தவர்கள்.

ஆனால் முத்துப்பேச்சி எங்கே இருக்கிறாள்? மண்டபத்தில் மிஞ்சின பாத்திர அறையில். முகூர்த்தம் வந்தால் மதரசாவுக்கு, வெள்ளிக்கிழமை வந்தால் சமூகக்கூடத்துக்கு, ஞாயிறு வந்தால் திரும்ப மண்டபத்துக்கு. கட்டிலில் கிடக்கிறவனைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரமாக மும்மதத்தையும் சுற்றி வருகிறாள். இதையும் முறை வைத்து ஒற்றுமையாகச் செய்கிறார்கள்.

மூன்று தரப்புக்கும் இந்த ஊரில் சும்மா கிடக்கிற நிலம் எவ்வளவு, எங்கே என்று எனக்குத் தெரியும், அளந்தவன் நான். அவளுக்கு இரண்டு சென்ட் கொடுங்கள் என்று இன்று கேட்டேன். கோயில் கொடுத்தால் ஜமாத் கொடுக்குமாம். தேவாலயம் தொடங்கட்டும் என்றார்கள். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் குருவானவர். சரி, முதலில் விருது வரட்டும் என்று முடித்தார்கள்.

அறிக்கை எழுதிவிட்டேன். கடைசிப் பத்தியில், 'இந்த மழையில் குழு உறுப்பினர் திருமதி முத்துப்பேச்சியின் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை' என்று போடச் சொன்னார்கள். போட்டேன். அதன் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன். அதை எடுக்கச் சொல்லி மூவரும் மாறி மாறிப் போன் செய்துகொண்டிருக்கிறார்கள். எடுக்க மாட்டேன்.

'ஏறுவதற்கு அவருக்கு வீடு இல்லை.'